இரண்டு வருஷம் போதும்

சுவிஸின் ஆரா நகரத்தில் எங்கள் ஆட்களில் யாரைக் கேட்டாலும் என் கணவர் ஸ்ரீஸ்கந்தராஜாவைப் பற்றி ஒன்றுதான் சொல்வார்கள். மனிசன் காப்புறுதிப் பைத்தியம். வீட்டுச் சாமானுக்குக் காப்புறுதி, வழக்கு வந்தால் அதற்கொரு காப்புறுதி, கண்ணாடி உடைந்தால் அதற்குத் தனியாக ஒன்று. உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு, கைத்தொலைபேசிக்கு, மகளுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிளுக்கு எல்லாம் மேலதிகக் காசு கட்டி உத்தரவாதத்தை நீட்டி வைத்தவர். குடைக்கு விற்றால் அதையும் வாங்குவார் என்று நானே பகிடி பண்ணியிருக்கிறேன். அப்படிப்பட்ட மனிசன், வாழ்க்கையிலேயே பெரிய காசு கொடுத்து வாங்கிய புதுக் கேம்பருக்கு, "இரண்டு வருஷம் போதும்" என்று சொன்னால் எந்தப் பெண்சாதிதான் பேசாமல் இருப்பாள்?

அது 2017 வைகாசியில், ஓல்டனுக்குப் போகிற வீதியில் இருக்கிற ஒரு வாகனக் கடையில் நடந்தது. கேம்பர் என்றவுடன் பெரிய பஸ் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வான்தான். பின்னுக்கு இரண்டு பேர் படுக்கிற கட்டில், ஒரு அடுப்பு, ஒரு சின்னக் குளிர்பெட்டி, கதவைச் சாத்தினால் ஒரு கழிப்பறை. இவ்வளவு காலமும் எங்களுக்கு விடுமுறை என்றால் பாரிசில் மச்சாள் வீட்டு ஹோலில் பாய் விரித்துப் படுப்பதுதான். அதனால் பங்குனியில் ஒருநாள் இவர் திடீரென்று, "கேம்பர் ஒண்டு வாங்குவம், மலையெல்லாம் சுத்திப் பாப்பம்" என்றபோது நான் சந்தோசப்பட்டேன். சந்தோசப்பட்டுக்கொண்டே, ஏன் இந்த வருஷம் என்று ஒரு மூலையில் யோசிக்கவும் செய்தேன். என் சுபாவம் அப்படி. லேசில் ஒருவரையும் நம்பமாட்டேன்.

வாகனத்தை விற்ற புரூனர் என்ற ஆளையும் நான் நம்பவில்லை. கோப்பி தந்தார், சாக்லேட் தந்தார், என் பெயர் தனலட்சுமி என்பதை நாக்குச் சுளுக்காமல் சொல்லப் பழகி வைத்திருந்தார். சோழியன் குடுமி சும்மா ஆடாது. வானின் திறப்பைக் கையில் தந்தபிறகு மேசை இழுப்பறையைத் திறந்து விஷயத்தை எடுத்தார். கொம்பனி தருகிற உத்தரவாதம் இரண்டு வருஷத்துக்குத்தான். இன்னும் கொஞ்சம் காசு கட்டினால் ஐந்து வருஷமாகும். கூரை ஒழுகினாலும், ஹீட்டர் நின்றாலும், எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு மாதத்துக்குள் முடிவு சொன்னால் சரி. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான் என்று எனக்குப் பட்டது. இவர் எப்படியும் பாய்ந்து விழுந்து கையெழுத்து வைப்பார், நான்தான் தடுக்கவேண்டும் என்று வாயைத் தயார் பண்ணி வைத்திருந்தேன்.

"வேண்டாம்," என்றார் இவர், குசினி வேலையில் பொறுக்கிய தன் ஜெர்மனில். "இரண்டு வருஷம் போதும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் காதுக்கு அப்பால் இருந்த சுவரைப் பார்த்தார்.

பிறகு அவர் வானுக்குள் ஏறிக் கட்டிலை அமத்திப் பார்க்கப் போன நேரம், புரூனர் என்னிடம் மெதுவாகக் கேட்டார். இரண்டு வருஷத்தில் விற்கப் போகிறீர்களா? உங்கள் கணவர் தொலைபேசியில் கேட்டாரே, இரண்டு வருஷம் கழித்துத் தந்தால் நாங்கள் திருப்பி எடுப்போமா என்று. நான் வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறவள். என் ஜெர்மன் இவருடையதைவிட நல்லது. பிழையாக விளங்கிக்கொள்ள வழியில்லை. ஆனாலும் வெளிநாட்டான் முன்னால் எங்கள் வீட்டு வெட்கத்தை அவிழ்த்துப் போட நான் தயாரில்லை. ஓம், அப்படித்தான் யோசிக்கிறோம் என்று சிரித்தேன்.

வீட்டுக்கு வரும்போது இவர் வானை ஆமை மாதிரி ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். "உந்தப் பலகையிலை என்ன எழுதிக் கிடக்கு, வாசியும் பாப்பம்," என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். புது வாகனம், பயப்படுகிறார் என்று நினைத்து வாசித்துச் சொன்னேன். மனதுக்குள் ஒரே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு இவர் எங்கே போகப் போகிறார்?

சந்தேகம் என்பது ஒரு கெட்ட சாமான். ஒன்று வந்தால் பழையதையெல்லாம் இழுத்துக்கொண்டு வரும். அன்றிரவு படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். தை மாதத்திலிருந்து இவர் எனக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்பவில்லை. எல்லாம் குரலில் பேசி அனுப்புவதுதான். வருகிறதையும் காதில் வயரை மாட்டிக்கொண்டுதான் கேட்பார். தொலைபேசியைப் பார்க்கும்போது நேரே பிடிக்கமாட்டார், ஒரு பக்கமாகச் சரித்து, கள்ளப் பார்வை பார்ப்பார். இவர் வேலை செய்கிற கன்டீனில் புதன்கிழமை பின்னேரம் லீவு. அந்த நேரம் ஓல்டனில் இருக்கிற கூட்டாளி சிவநேசன் அண்ணையைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். எல்லாவற்றையும்விட, என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதை விட்டுவிட்டார். கதைக்கும்போது கண் என் காதிலோ தோளிலோ நிற்கும். குற்றம் செய்தவன்தான் முகம் பார்க்கமாட்டான்.

என்னோடு வேலை செய்கிற ஞானேஸ்வரியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவள் கட்டில் விரிப்பை உதறிக்கொண்டே சொன்னாள், "அக்கா, ஆம்பிளையளுக்கு அறுபதிலை ரெண்டு வியாதி வரும். ஒண்டு ஊருக்குப் போய்ச் சாகவேணும் எண்ட ஆசை. மற்றது நான் சொல்லமாட்டன்."

"சொல்லன்."

"உங்களுக்குத் தெரியாததே."

முதலாவது வியாதியை முதலில் பரிசோதித்தேன். யாழ்ப்பாணத்தில் இருக்கிற இவருடைய தம்பி கனகரத்தினத்துக்கு ஃபோன் எடுத்து, சுகம் கேட்கிறமாதிரி கேட்டு, "அண்ணை அங்கை வந்து இருக்கிற யோசினை ஏதும் சொன்னவரோ?" என்று மெல்ல விட்டேன். "ஐயோ அண்ணி, அண்ணை போன வருஷம்தானே தன்ரை பங்கையும் எனக்கு எழுதித் தந்தவர், இனி எங்கை வந்து இருக்கிறது?" என்றான். எனக்குத் தெரியாமல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதற்கு வேறாக ஒருநாள் சண்டை பிடிக்கலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

அப்படியென்றால் மற்ற வியாதி. சிவநேசன் அண்ணை வீட்டுக்கு எடுத்தேன். அவருடைய மனிசிதான் கதைத்தா. "ஸ்ரீ அண்ணையைக் கண்டு கனகாலம் தங்கச்சி. ஏன், அவருக்கு எங்களோடை ஏதும் கோவமோ?" என்று திருப்பி என்னையே கேட்டா. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் அகதி முகாமின் ஒரே அறைக்குள் பிள்ளையையும் வைத்துக்கொண்டு இந்த மனிசனோடு கிடந்தவள் நான். அவருக்குப் பனியில் நின்று வேலை செய்து கால் வெடித்தபோது நல்லெண்ணெய் பூசிவிட்டவள் நான். இரண்டு வருஷத்தில் என்னைக் கழற்றிவிட்டு, வாகனத்தையும் விற்றுவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார் என்றால், கேட்காமல் விடுவேனா?

கேட்டேன். அன்று இரவுச் சாப்பாட்டின்போது.

"இஞ்சேருங்கோ, அந்த அஞ்சு வருஷக் கரன்ரி ஏன் வேண்டாம் எண்டனீங்கள்?"

"அவன் ஏமாத்துறான்."

"மெசினுக்குப் போட்டனீங்கள். சைக்கிளுக்குப் போட்டனீங்கள். அப்ப ஏமாத்தேல்லையோ?"

"ரெண்டு வருஷம் காணும். அதுக்குப் பிறகு உதை ஆர் ஓடுறது?" என்றார் என் தோளைப் பார்த்து. பிறகு பருப்புக் கறியைச் சோற்றுக்குப் பக்கத்தில் மேசையில் ஊற்றினார். "பாருங்கோ, மனம் எங்கையோ நிக்குது," என்றேன் குத்தலாக. அவர் துணியை எடுத்து, ஊற்றின இடத்தை விட்டுவிட்டு வேறோர் இடத்தைத் துடைத்தார். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. முதியவர்களுக்குச் சோறு ஊட்டி, கண் மங்கினவர்களைக் கைபிடித்து நடத்திச் சம்பளம் வாங்குகிற நான், என் வீட்டு மேசையில் நடந்ததைப் பார்த்து, இந்தாள் குற்ற உணர்ச்சியில் தடுமாறுகிறார் என்று முடிவு கட்டினேன்.

அந்த ஞாயிறு புது வாகனத்துக்குப் பூசை செய்ய ஓல்டன் பக்கத்துக் கோயிலுக்குப் போனோம். சந்தேகம் ஒரு பக்கம் இருக்கட்டும், வாகனம் வாங்கினால் பூசை செய்யாமல் இருக்க முடியுமா? ஐயர் முன்பக்கத்தில் சந்தனம் குங்குமம் வைத்தார், மாலை போட்டார், நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தார். கற்பூரம் கொளுத்திய தேங்காயைச் சுற்றிவிட்டு இவரிடம் நீட்டினார். இங்கே கார் பார்க்கில் நினைத்த இடத்தில் தேங்காய் அடிக்க முடியாது, பக்கத்துக் கம்பனிக்காரன் முறைப்பாடு செய்வான். அதற்கென்று பலகை அடித்த ஒரு தொட்டியும் உள்ளே ஒரு கருங்கல்லும் இருக்கும். கல்லில் அடித்தால் போதும். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியத்துக்கும் தேங்காய் அடிக்கிறவர் இவர்தான். ஒரே அடி, சரி பாதியாக விழும்.

இவர் கையை ஓங்கி அடித்தார். தேங்காய் தொட்டிக்கே போகவில்லை. புல்லில் விழுந்து, உடையாமல் உருண்டு, யாரோ ஒருவருடைய காருக்குக் கீழே போய் நின்றது.

கோயிலுக்கு வந்திருந்த சனம் அப்படியே நின்றது. ஒரு மனிசி, "ஐயோ, சகுனப் பிழை," என்றா எனக்குக் கேட்கத்தக்கதாக. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஐயர் சமாளித்துக்கொண்டு இன்னொரு தேங்காயைக் கொடுத்தார். இவர் இந்தத் தரம் உடனே அடிக்கவில்லை. தலையைத் தோள்பக்கம் சரித்தார். கல்லுக்கு நேரே பார்க்காமல், கல்லுக்குப் பக்கத்தில் எதையோ பார்க்கிறமாதிரி முகத்தைத் திருப்பி, கடைக்கண்ணால் தேடினார்.

அந்தச் சரிவை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் இல்லத்தில் அம்மான் என்ற குடும்பப் பெயரில் ஒரு சுவிஸ் கிழவி இருக்கிறா. சூப் கோப்பையை முன்னால் வைத்தால் அதைப் பார்க்கமாட்டா. தலையைச் சரித்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் கரண்டியைப் போடுவா. கண்ணின் நடுப்பகுதி செத்துப்போனவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். நேரே பார்த்தால் நேரே இருப்பது தெரியாது. ஓரத்தால் பார்த்தால் கொஞ்சம் தெரியும்.

அடித்தார். பலகை விளிம்பில் பட்டு எங்கோ சிதறியது. சனம் கலைந்து கதைக்கத் தொடங்கியது. இவர் என் பக்கம் சாய்ந்து, ஒருவருக்கும் கேட்காமல் கேட்டார்.

"உடைஞ்சிட்டுதோ?"

அந்த ஒரு கேள்வியில் என் சந்தேகமெல்லாம் நொறுங்கிப் போனது. "ஓம்," என்றேன்.

பூசை முடிந்து இவர் சாரதி இருக்கையில் ஏறினார். நான் ஏறவில்லை. அவருடைய கதவடியில் போய் நின்றேன்.

"திறப்பைத் தாங்கோ."

"ஏன்?"

"தாங்கோ எண்டுறன்."

தந்தார். ஏன் என்று மறுபடி கேட்கவில்லை. அதிலேயே எனக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது. பக்கத்து இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"எப்ப இருந்து?"

"மார்கழியிலை இருந்து. இடதுகண் நடுவிலை முழுக்கப் போயிட்டுது. வலது மங்கிக்கொண்டு வருது. டாக்டர் சொன்னவர், மற்றதும் இரண்டு வருஷத்திலை அப்பிடியே ஆகும் எண்டு."

"எந்த டாக்டர்?"

"ஓல்டனிலை. புதன்கிழமையிலை போறனான். ஊசி போடுறவை. ஆராவிலை ஆசுபத்திரிக்குப் போனால் அங்கை வேலை செய்யிறதுகள் எல்லாம் எங்கடை பிள்ளையள். இரவுக்கிடையிலை சுவிஸ் முழுக்கத் தெரிஞ்சிடும்."

எனக்குத் தெரியக்கூடாது என்பதற்காக இல்லை, ஊருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவாம். ஊருக்கு மறைக்கப் போய் எனக்கும் மறைத்திருக்கிறார். எங்கள் ஆட்களுக்கு வருத்தம் வந்தால் வருத்தத்துக்குப் பயமில்லை, வாய்க்குத்தான் பயம்.

"டாக்டர் வாகனம் ஓடச் சொன்னவரோ?"

"கேட்டவர், ஓடுறீங்களோ எண்டு. இல்லை எண்டனான்."

"என்னையும் பக்கத்திலை ஏத்திக்கொண்டு ஓடினனீங்கள்."

"மெதுவாத்தானே ஓடினனான்."

அவரை அடித்திருப்பேன். உண்மையாகவே கை எழும்பியது. "வழியிலை ஒரு சின்னப்பிள்ளை குறுக்காலை வந்திருந்தால்? மெதுவாத்தானே இடிச்சனான் எண்டு தாய்க்குச் சொல்லுவீங்களோ?" அவர் ஸ்டியரிங்கைப் பிடித்த கையை மடியில் எடுத்து வைத்தார்.

"மலையைப் பாத்து முடிச்சிடலாம் எண்டு நினைச்சன்," என்றார். "ரெண்டு வருஷம் ஓடினால், பாக்கவேண்டியதெல்லாம் பாத்திடலாம். பிறகு வித்துப்போட்டு உமக்குச் சொல்லலாம் எண்டு."

"ஏன் என்ரை முகத்தைப் பாக்கிறேல்லை?"

கேட்டுவிட்டேன். இவ்வளவு நாளும் என்னைத் தின்றது அதுதான்.

"நேரை பாத்தால் உம்மடை முகம் இருக்கிற இடத்திலை ஒரு புகைதான் தெரியுது. காதைப் பாத்தால் முகம் கொஞ்சம் தெரியும்," என்றார். "அதாலைதான் காதைப் பாக்கிறனான்."

அழுதேன். கோயில் சனம் பார்க்கட்டும் என்று அழுதேன். மற்ற வியாதி என்று நினைத்து நான் அவரைத் திட்டித் தீர்த்த இரவுகளெல்லாம், இந்த மனிசன் என் காது வழியாக என் முகத்தைத் தேடிக்கொண்டு இருந்திருக்கிறார்.

வாகனத்தை மாலையும் சந்தனமுமாகக் கோயில் பார்க்கிலேயே விட்டுவிட்டு ரயிலில் வீட்டுக்கு வந்தோம். அடுத்தநாள் மகள் யதுஷா கூர் நகரத்தில் இருந்து வந்து அதை ஓட்டிக்கொண்டு வந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தகப்பனைக் கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, "வித்துப்போடுங்கோ அம்மா. இப்ப வித்தால் நட்டம் குறைவு," என்றாள். அவர் தலையாட்டினார். "ஓம், வித்துப்போடுவம்."

அன்றும் அடுத்த நாளும் யோசித்தேன். விற்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் இல்லத்தில் ஜன்னலடிக் கதிரைகளில் இருக்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கண் போனதால் கதிரையோடு இருந்துபோனவர்கள் குறைவு. இனி எங்கேயும் போவதில்லை என்று பிள்ளைகளும் தாங்களும் முடிவெடுத்ததால் இருந்துபோனவர்கள்தான் கூட. இந்த மனிசனை ஐந்தாம் மாடியில் ஜன்னலடியில் இருத்திவிட்டு நான் வேலைக்குப் போகவேண்டும். அதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. விற்காமல் நானே ஓட்டலாமென்றால், ஸ்டியரிங்கை நினைக்கவும் பயமாக இருந்தது. இந்த வயதுவரை நான் பக்கத்து இருக்கையில் இருந்து, "பாத்து, பாத்து" என்று கத்தினவளே தவிர, ஒரு சைக்கிளுக்கு மேலே எதையும் ஓட்டினதில்லை.

புதன்கிழமை இந்தத் தரம் நானும் ஓல்டனுக்குப் போனேன். டாக்டரிடம் நேரே கேட்டேன். ஊசி பலன் தந்தால் ஓரப் பார்வை கனகாலம் நிற்கும் என்றார். முகம், எழுத்து போகும்; மலை, வானம், ஏரிக்கரை, இதெல்லாம் ஓரத்தாலும் பார்க்கக்கூடிய சாமான்கள். வெளியே வந்ததும் பக்கத்தில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தேன். வாகனம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு இங்கே முதலில் கண் பரிசோதனை. இவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். நான் சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரைக்கும் சத்தமாக வாசித்தேன். வாசிக்க வாசிக்க அவர் தலையைக் குனிந்துகொண்டே போனார். எனக்கு அது நெஞ்சில் குத்தியது. ஆனாலும் வாசித்து முடித்தேன்.

"உமக்கு என்ன விசரோ? இந்த வயசிலை?" என்றார் வீதிக்கு வந்ததும்.

"ஓம், விசர்தான். நீங்கள் கண்ணில்லாமல் ஓடேக்கை, நான் கண்ணோடை ஓடப் பயப்படவோ?"

அந்த ஒரு மாதத் தவணை முடிய முன்னால் யதுஷா எங்களைப் புரூனரின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்தாள் மறுபடியும் கோப்பி, மறுபடியும் சாக்லேட். ஐந்து வருஷ உத்தரவாதம் வேண்டும் என்றேன். அவருடைய முகம் மலர்ந்த வேகத்தைப் பார்த்ததும் என் பழைய சுபாவம் தலைதூக்கியது. ஹீட்டரைப் பற்றிக் கேட்டேன். கூரையைப் பற்றிக் கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் இங்கேயே கொண்டுவந்து காட்டவேண்டும் என்ற நிபந்தனையை இரண்டு தரம் சொல்ல வைத்தேன். யார் ஓட்டப் போவது என்று கேட்டார். நான் என்றேன். இனித்தான் பழகப் போகிறேன் என்றும் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இவர் என் பக்கம் சாய்ந்து தமிழில் முணுமுணுத்தார். "வேண்டாம். அவன் எங்களை ஏமாத்துறான்."

"ஏமாத்தட்டும். நீங்கள் ஏமாத்தினதை விடவோ?"

யதுஷா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

வாகனம் இவர் பெயரில் இருந்தபடியால் கையெழுத்தும் இவர்தான் வைக்கவேண்டும். புரூனர் தாளைத் திருப்பி வைத்துப் பேனையைக் கொடுத்தார். இவர் பேனையைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். தலையைச் சரித்தால் அந்த வெள்ளைக்காரனுக்கு விளங்கிவிடும். நேரே பார்த்தால் கோடு தெரியாது. அவருடைய காது சிவந்து வருவதை நான் பார்த்தேன்.

நான் என் சுட்டுவிரலைத் தாளில் கொண்டுபோய் வைத்து, அவருடைய பேனையை அதில் முட்டவிட்டேன்.

"இஞ்சை," என்றேன்.

புரூனர் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கும் அது தெரியும். ஆனாலும் தலையைச் சரித்தார், நன்றாகவே சரித்தார், என் விரலைத் தேடிக் கண்டுபிடித்து எழுதத் தொடங்கினார். நீளமான பெயர். பாதி கோட்டிலும் பாதி என் விரலிலுமாக விழுந்தது. அவர் எழுதி முடிக்கும்வரை நான் விரலை எடுக்கவில்லை.